சாய்ந்த கல் மூக்குத்தி

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூந்திக்கொட்டை ஊறிய வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றினால், அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டதுபோல் இருக்கும். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷில் நுரையைத் தொட்டு, அவளுடைய ஒற்றைக்கல் மூக்குத்தியை மெதுவாகத் தேய்க்கிறேன். கல் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பார்ப்பவர்கள் ஆசாரியைத் திட்டுவார்கள். திட்ட வேண்டியது என் அண்ணனை.

அண்ணி திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். உள்ளே பொட்டு உலோகம்கூட ஆகாது. காலையில் மூக்குத்தியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, துளை தூர்ந்துபோகாமல் இருக்கத் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒடித்துச் செருகிக்கொள்வாள். கம்பெனி பஸ்ஸில் பாதிப் பெண்களின் காதிலும் மூக்கிலும் துடைப்பம்தான். எங்களுக்கெல்லாம் விடுமுறையான ஞாயிற்றில்தான் அவள் மூக்குத்திக்கு வேலை. அதற்கு முன் இந்தக் குளியல். "தண்ணில ஊறப் போட்ராதட்டி. கல்லுக்குப் பின்னால ஈரம் போச்சுன்னா மங்கிரும்" என்பாள்.

இந்தப் பொறுமையெல்லாம் அண்ணனுக்கு ஏது? கல்யாண நாளில் அவளை அசத்துவதாக நினைத்து, யாரிடமும் சொல்லாமல் மூக்குத்தியைத் தன் கம்பெனிக்குக் கொண்டுபோய், இரும்புப் பாகங்களை அதிரவைத்துக் கழுவும் மெஷினில் போட்டுவிட்டான். தங்கம் தகதகவென்று வந்தது, கல்லைக் காணோம். ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்கு வராமல், அந்த அழுக்குத் தண்ணீரைத் துணியில் வடிகட்டித் தேடியிருக்கிறான். சட்டையெல்லாம் எண்ணெயாக வாசலில் நின்று, "கல்லு கெடச்சிடுச்சி. மொதல்ல அத சொல்லிட்றேன்" என்றான். அண்ணி சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவசர அவசரமாகப் பதித்து வாங்கியதில் கல் சாய்ந்துவிட்டது. நேராக்கித் தர ஆசாரி தயாராகத்தான் இருந்தார். அவள்தான் விடவில்லை. "இருக்கட்டும்ட்டி, ஒங்க அண்ணன மாரியே கோணலா இருக்கு."

அண்ணன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்த அன்று, உறவுக்காரப் பெண்கள் வாய் திறக்கும் முன்பே அவளே மூக்குத்தியைக் கழற்றி என் கையில் வைத்தாள். "நீ தொடச்சு வையி. எங்கிட்ட இருந்தா அழுதே அழுக்காக்கிருவேன்." பிறகு ஊருக்குப் போய்விட்டாள். எப்போது பேசினாலும் "நீயே போட்டுக்கோ" என்பாள். எனக்கு மூக்கே குத்தவில்லை! அவள் அதை மறுபடி போட வேண்டும், அந்தச் சிரிப்பை நான் இன்னொருமுறை கேட்க வேண்டும். என் ஏக்கமெல்லாம் அதுதான். கேட்கத்தான் துணிவு வரவில்லை.

போன ஞாயிறு வீடியோ காலில், துடைத்த கல்லைக் காட்டினேன். சரியாகப் பார்க்க அவள் போனை முகத்தருகே கொண்டுவந்தாள். மூக்கில் ஈர்க்குச்சி இருந்தது.

இப்போது அவள் எந்தக் கம்பெனிக்கும் போவதில்லை.

"என்னா அண்ணி அது?" என்றேன். சட்டென்று போனை விலக்கிக்கொண்டாள். சற்றுநேரம் வீட்டுக்கூரைதான் தெரிந்தது.

"தூந்துரக் கூடாதுல்லா" என்றது குரல்.

இன்று நுரையைக் கழுவி, பழைய வேட்டித் துணியில் ஒற்றி, காற்றாட உலர்த்திவிட்டேன். டப்பாவில் திரும்ப வைக்கவில்லை. திருகாணியோடு பஞ்சில் பொதிந்து கைப்பையில் போட்டிருக்கிறேன். திருநெல்வேலி பஸ் சாயங்காலம்.