வெஸ்கரினி விற்ற பெயர்

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு கலியாணம். எங்கள் மேசைக்கு வந்த ஒரு பெண், தன் கைப்பையை நிலத்தில் வைக்க மனமில்லாமல் அதற்கென்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆட்கள் இருக்கவே இடமில்லாத மண்டபத்தில் ஒரு பைக்கு ஆசனம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் பையின் மூலையில் இருந்த பொன்னெழுத்தைப் பார்த்தேன். வெஸ்கரினி. சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பெண் கை கழுவப் போன நேரம் பார்த்து, குனிந்து அந்தப் பையை முகர்ந்து பார்த்தேன். இந்த வயதில் செய்யக்கூடிய வேலையில்லைத்தான்.

"அம்மா, ஸ்ரொப் இற். எல்லாரும் பாக்கினம்" என்றாள் மகள். "உது வெஸ்கரினி. லைக், ரியலி எக்ஸ்பென்சிவ்."

"தெரியும். அந்த ஆளையும் தெரியும்."

"வட் ஆள்? இற்ஸ் எ பிராண்ட், அம்மா."

பிராண்ட்தான். ஆனால் அந்தப் பிராண்ட் எனக்குத் தன் கையால் கோப்பி ஊற்றித் தந்திருக்கிறது. குப்பை வாளியை வெளியே வைக்கப் போகும்போதும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போயிருக்கிறது. இதையெல்லாம் கலியாண மண்டபத்தில், மேளச் சத்தத்துக்கு மேலால் கத்திச் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்கிறேன்.

பையில் ஏதோ வாசனைத் திரவியம் மணத்தது, வேறொன்றும் இல்லை. இதே ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம், கார் திருத்தும் கடைகளுக்குப் பின்னால் நான் வேலை செய்த வெஸ்கரினிக் கட்டடம் அப்படியில்லை. கதவைத் திறந்தாலே தோலும் பசையும் கோப்பியும் சேர்ந்த ஒரு மணம் முகத்தில் அடிக்கும். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்ததுண்டு. பின்னால் பை தைத்தார்கள். முன்னால், ஒரு சின்ன அறையில், தொலைபேசியும் நானும். கனடாவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. காலையிலிருந்து மாலை வரை நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "குட் மோர்னிங், வெஸ்கரினி."

நான் நாள் முழுக்க அவருடைய பெயரைச் சொன்னேன். அவர் நாள் முழுக்க என் அப்பாவின் பெயரைச் சொன்னார். அது எப்படி என்றால், விமான நிலையத்தில் அதிகாரி என்னிடம் லாஸ்ட் நேம் கேட்டபோது நான் முழித்தேன். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "அப்பான்ர பேரைச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். அந்த நிமிடத்திலிருந்து இந்த நாட்டில் நான் சின்னத்துரை ஆகிவிட்டேன். வெஸ்கரினிக்கு ஆட்களைக் குடும்பப் பெயரால் கூப்பிடுவதுதான் மரியாதை. உள்ளேயிருந்து கட்டடம் அதிர, "சின்னத்துரை!" என்பார்.

முதல் நாள் எனக்கு உடம்பு கூசிவிட்டது. எங்கள் வீட்டில் அப்பாவின் பெயரை யாரும் சொன்னதில்லை. அம்மாவுக்கு அவர் "இஞ்சாருங்கோ". எங்களுக்கு அப்பா. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் என் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்தாகச் சுருங்கிக் கிடந்தது. அதை ஓர் இத்தாலியர், யாழ்ப்பாணத்திலிருந்து இவ்வளவு தூரத்தில் நின்று, பேர் சொல்லி அதட்டுகிறார். வேலையிடத்து வான் ஓட்டிய மன்னார்க்காரர் யேசுதாசன் அண்ணைக்கு இது பெரிய பகிடி. "ஓடு பிள்ளை, உன்ர அப்பரைக் கூப்பிடுறார்" என்பார்.

மதியச் சாப்பாட்டு வேளையில் வெஸ்கரினி, முழுப்பெயர் எத்தொரே வெஸ்கரினி, தன் கதையைச் சொல்லுவார். அவர் பேசியது உடைந்த இங்கிலிஷ். ஆனால் என் ஞாபகத்தில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார், பொறுத்துக்கொள்ளுங்கள். மலையூர் ஒன்றில் பிறந்து, விடலைப் பருவத்தில் கப்பலேறி வந்தவர். தகப்பன் அமெதெயோ இந்த நகரத்தின் பாதாள ரயிலுக்கு மண் வெட்டியவர். மகன் ஒரு சூட்கேஸ் நிறைய இடுப்புப் பட்டிகளோடு கட்டட வேலைக்காரரிடம் போனார், பிறகு வங்கிக்காரரிடம் போனார், பிறகு பணக்காரத் தெருவில் கடை போட்டார். மொன்றியலில் ஒன்று, நியூயோர்க்கில் ஒன்று. சினிமாக்காரிகள் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு நின்ற படங்கள் என் மேசைக்கு மேல் தொங்கின.

"முதல் கடை திறந்த அண்டைக்கு அப்பா உள்ளுக்கு வரேல்லை" என்றார் ஒருநாள். "சப்பாத்து முழுக்கச் சேறு. றோட்டுக்கு அங்கால நிண்டு போர்டைப் பாத்துக்கொண்டு நிண்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. எண்டாலும் அந்தப் பேரை மட்டும் தெரியும்."

என் அப்பா இறந்த செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊரில் சண்டை, என் கையில் நிரந்தர வதிவிடப் பத்திரம் இல்லை, போக வழியில்லை. அறையில் தனியே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மறுநாள் வேலைக்குப் போனேன். வழக்கம்போல உள்ளேயிருந்து குரல் வந்தது. "சின்னத்துரை!"

நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அப்படி நான் பிறகு ஒருநாளும் அழுததில்லை. யேசுதாசன் அண்ணைதான் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். வெஸ்கரினி கோப்பிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றார்.

"இவ்வளவு நாளும் நான் உங்கட அப்பாவையே கூப்பிட்டனான்?"

"ஓம்."

"இனி நான் உங்களை எப்பிடிக் கூப்பிடுறது?"

"மாத்தாதேங்கோ" என்றேன். "உப்பிடியே கூப்பிடுங்கோ. அங்க இனி அந்தப் பேரை ஆரும் கூப்பிடப் போறேல்லை."

அவர் மாற்றவில்லை. மரியாதைக்கு ஒரு சொல்லை மட்டும் முன்னால் சேர்த்துக்கொண்டார். அன்று முதல் நான் 'மிஸ்டர் சின்னத்துரை'. புதிதாக வரும் வியாபாரிகள் ஓர் ஆம்பிளையைத் தேடுவார்கள், சேலை கட்டின நான் எழும்பிப் போவேன். அவர் அதை யாருக்கும் விளக்கியதில்லை.

பிறகு ஐரோப்பாவிலிருந்து ஒரு பெரிய கொம்பனி வந்தது. அவருடைய மகன் பல் வைத்தியர், தோல் பக்கமே தலை வைத்துப் படுக்காதவர். வெஸ்கரினிக்கும் முழங்கால் வருத்தம். விற்றார். கையெழுத்திட்ட அன்று எல்லோருக்கும் கேக் வாங்கித் தந்தார். கடைகளை, தையல் இயந்திரங்களை, கட்டடத்தை விற்றதாகத்தான் அவர் மனதில் எடுத்திருந்தார். உண்மையில் அவர்கள் வாங்கியது பெயரை. இனி அவர் ஒரு பட்டியைச் செய்து விற்றாலும் அதில் தன் பெயரைப் போட முடியாது. வழக்கறிஞர் வாசித்துக் காட்டியிருப்பார். காதில் விழுவதும் மனதில் விழுவதும் ஒன்றா?

சில கிழமைகள் கழித்து அவர் வேலையிடத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். யாரென்று தெரியாமல் நான் வழக்கம்போல, "குட் மோர்னிங், வெஸ்கரினி" என்றேன். "இல்லை, மிஸ்டர் சின்னத்துரை. வெஸ்கரினி இஞ்ச இருக்கிறன்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார்.

கட்டடத்தை மூடினார்கள். நாங்கள் வேறு வேறு வேலைக்குப் போனோம். வீட்டில் சும்மா இருக்க முடியாமல், வெக்ஸ்போர்ட்டிலேயே ஒரு பிளாசாவில் சின்னக் கடை ஒன்று திறக்க வெஸ்கரினி ஆசைப்பட்டார். கொம்பனியிடம் தன் பெயரை ஓர் ஓரத்தில் சின்னதாகப் போடலாமா என்று கேட்டார். முடியாது என்றார்கள். போர்டு இல்லாமல் அந்தக் கடை கனநாள் பூட்டிக் கிடந்தது. சாப்பிடுகிறார் இல்லை என்று மனைவி சொன்னார். ஒருநாள் பின்னேரம் எனக்கு அழைப்பு வந்தது.

"உங்கட ஆக்கள் பேர் வைக்கிறது எப்பிடி எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. கடைசியில அப்பான்ர பேர், என்ன?"

"ஓம். ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும்."

"அப்ப நான் உங்கட ஆளெண்டா, என்ர பேர் என்ன?"

"எத்தொரே அமெதெயோ."

அவர் அதை மெல்லச் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் சொன்னார்.

யேசுதாசன் அண்ணை ஏணியில் ஏறிப் போர்டை மாட்டினார். 'அமெதெயோ', வேறொன்றுமில்லை. திறந்த அன்று நானும் போனேன். முதல் வாடிக்கையாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அமெதெயோ இருக்கிறாரோ?" என்று கேட்டார். வெஸ்கரினி என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அவருக்கு என்ன நடந்தது என்று அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கொஞ்சக் காலம் அந்தக் கடை ஓடியது. பிறகு அவர் போய்விட்டார். உடலை வைத்திருந்த மலர்ச்சாலை வாசலில் வெள்ளை எழுத்தில் முழுப்பெயரும் இருந்தது: எத்தொரே வெஸ்கரினி. "பாத்தியே பிள்ளை" என்றார் யேசுதாசன் அண்ணை, "இதுக்கு மட்டும் ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை."

அந்தப் பிளாசாக் கடையில் இப்போது கைபேசி திருத்துகிறார்கள். அண்ணை ஒஷாவாவில் மகனோடு இருக்கிறார், காது கேட்பதில்லை. நான் ரூஜ் பக்கம் குடிவந்துவிட்டேன். கலியாண வீட்டில் அந்தப் பெண் திரும்பி வந்து, நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நல்ல பை என்றேன். "ஓம் அன்ரி, வெஸ்கரினி" என்றார். எவ்வளவு இலேசாக அந்தப் பெயர் இப்போது எல்லோர் வாயிலும் வருகிறது.

என் மகளின் பெயருக்குப் பின்னால் இருப்பது அவளுடைய அப்பாவின் பெயர். அதுதான் முறை. இப்போது வைத்தியரிடம் போனாலும் வங்கிக்குப் போனாலும் முதற்பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள், சிநேகிதமாம். நான் எழும்பிப் போகிறேன். அப்பாவை ஒருவரும் கூப்பிடுவதில்லை.