மன்னியின் இன்னொரு குழாய்

அண்ணாவுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்குப் பதின்மூன்று வயது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. மன்னிக்குப் பதினேழு இருக்கும். வந்த மூன்றாம் நாள், அவள் உட்கார்ந்து எழுந்த பலகை ஈரமாக இருந்ததை அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னவள் நான்தான்.

"ஏண்டி, இன்னும் தொட்டில் குழந்தையா நீ?" என்று சமையல் மாமி முன்னாலேயே அம்மா மன்னியைக் கேட்டாள்.

"ஒழுங்காப் போயிட்டுத்தாம்மா வரேன். அப்புறமும் சொட்டிண்டே இருக்கு. பொறந்ததுலேர்ந்து இப்படித்தான்."

"அதை மறைச்சுத்தானே ஒங்கப்பா எங்க தலையில கட்டினார்?"

அன்றிலிருந்து அவளுக்குப் பாய் கிடையாது. பின்கட்டில் வெறும் சிமெண்டுத் தரை. மத்தியானத்துக்கு மேல் தண்ணீரும் கிடையாது. சித்திரை வெயில். பானைக்கு நான் காவல். ஒரு நாள் என்னிடம் கையேந்தி ஒரு வாய் கேட்டாள். டம்ளரில் மொண்டு, அவள் பார்க்க நானே குடித்தேன். அப்படியும் புடவை நனைந்தது. "திமிர்" என்றாள் அம்மா. தொடையெல்லாம் புண்ணாகி அவள் காலை அகட்டி நடந்தாள். அதேபோல் நடந்து காட்டி அண்ணாவைச் சிரிக்க வைத்தேன்.

ஆடிக்கு அழைத்துப்போக வந்த அவள் அப்பாவிடம், இனிமேல் கொண்டுவந்து விடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தை மாதம் அவர் தனியாக வந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர், மூத்திரப்பையில் நீலச் சாயம் ஏற்றிவிட்டு, கீழே பஞ்சு வைத்துப் பார்த்தாராம். பஞ்சு நனைந்தது. ஆனால் அதில் நீலம் துளிகூட இல்லை; அந்த ஈரம் பையிலிருந்து வரவில்லை.

"ஒரு சிறுநீரகத்துக்கு ஒரு குழாய்தான் இருக்கணுமாம், மாமி. இவளுக்கு ஒரு பக்கம் ரெண்டு இருந்திருக்கு. அதுல ஒண்ணு பையில சேராம கீழே தனியாத் தெறந்துண்டு இருந்ததாம். அடக்க அவளால முடியவே முடியாதாம். ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா. இப்போ ஒரு சொட்டு இல்லே."

"சந்தோஷம்" என்றாள் அம்மா. "அவனுக்கு வேற எடம் பாத்தாச்சு. மாசியில முகூர்த்தம்."

அவர் அண்ணாவைப் பார்த்தார். அண்ணா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பல வருஷம் கழித்து, என் பெண்ணைச் சேர்க்கக் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"மன்னி..."

"அப்படிக் கூப்பிட வேண்டாம். குழந்தைக்கு என்ன வயசு?"

சொன்னேன். எழுதிக்கொண்டாள். பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அதன் பிறகு அங்கே போகவேண்டிய காரியங்களுக்கெல்லாம் என் கணவரையே அனுப்பினேன்.