அவியல் வண்டி

எங்களிடம் ஒரு பிக்கப் இருந்தது. அது எந்த வருஷத்து வண்டி என்று கேட்டால் என் வீட்டுக்காரருக்கே சிரிப்பு வந்துவிடும். அடிச்சட்டம் ஜப்பான்காரன் வருவதற்கு முந்தியது. எஞ்சின், சண்டை முடிந்தபின் பட்டாளத்தில் கழித்துப் போட்ட லோரியிலிருந்து வந்தது. முன்விளக்கு இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்; ஒன்று மட்கார்டுக்கு மேலே கம்பில் நிற்கும், இன்னொன்று மட்கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். இதையெல்லாம் என் கொழுந்தனின் பட்டறையில் வைத்து அண்ணனும் தம்பியுமாக ஒட்டிச் சேர்த்தார்கள்.

மலாக்கா பசாரில் காய்கறியும் கருவாடும் ஏற்றி, சுங்கை ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டக் கடைகளில் இறக்குவது என் வீட்டுக்காரரின் தொழில். தோட்டத்துப் பிள்ளைகள் அதை அவியல் வண்டி என்று கூப்பிடும். நான் கூப்பிட்டதை எழுத முடியாது. வீட்டுக்கு எதைக் கேட்டாலும், "வண்டிக்கு ஒரு சாமான் வாங்கணும், அடுத்த மாசம் பாப்போம்லா" என்பார். சக்களத்தியாக இருந்தாலாவது முடியைப் பிடித்துச் சண்டை போடலாம். இதோடு எதைப் பிடித்துச் சண்டை போடுவது?

அது எமர்ஜென்சி காலம்; வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்தார்கள். எங்கள் சின்னப் பட்டணத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. சாலைத் தடுப்பில் வண்டியை நிறுத்தி, மூட்டைக்குள் காட்டுக்காரர்களுக்கு அரிசி ஒளித்திருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். அதைத் தாண்டிப் போனால், காட்டில் இருப்பவர்கள் மறித்துச் சாமானை எடுத்துக்கொண்டு வண்டியைக் கொளுத்திய கதைகள் உண்டு. போகாதீர்கள் என்று நான் சொல்லாத நாள் இல்லை. "நான் போகாட்டி தோட்டத்துச் சனம் எதைத் தின்னும்?" என்று கேட்பார். அதற்கு எனக்குப் பதில் தெரியும். சொன்னால் கல்நெஞ்சுக்காரி என்பார் என்று சொன்னதில்லை.

ஒருநாள் மாலை அவர் திரும்பி வரவில்லை. மறுநாள் காலையில் கொழுந்தன் வாசலில் வந்து நின்றான். என் வயதுதான் அவனுக்கு, ஆனால் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

"அண்ணி, ரோட்டுல ஒரு பிக்கப் எரிஞ்சு கெடந்திருக்கு. போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துட்டு வந்துட்டாங்க. உள்ள ஒரு ஆளு இருந்திருக்காரு. அடையாளம் தெரியலையாம்."

நான் கேட்பதற்குள் அவனே அவசரமாகச் சொன்னான்.

"நேத்து அந்தப் பக்கம் போன ஒரு சீனரோட பிக்கப்பும் வரல. எது யாரோடதுன்னு தெரியல. அதான் வந்து பாக்கச் சொல்றாங்க. நான் போய்ட்டு வந்துர்றேன்."

"நானும் வர்றேன்."

"வேணாம் அண்ணி. நெறமாசமா இருக்கீங்க."

"உங்க ஆம்பளைங்க பேச்ச நம்பி நான் வீட்டுல உக்காந்திருக்க மாட்டேன். நட தம்பி."

ஸ்டேஷன் பின்புறத்து மைதானத்தில் அது நின்றது. நின்றது என்று சொல்லக் கூடாது, டயரெல்லாம் வெந்து தரையோடு உட்கார்ந்திருந்தது. நம்பர் பலகை இல்லை. முன்பக்கம் முழுக்கக் கரி. உள்ளே இருந்தவரை ஏற்கனவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாம்பல் நாற்றம் அடித்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

ஒரு மலாய் சார்ஜனும், அவருக்கு மொழி சொல்ல, ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஒரு தமிழ்க் கிராணியும் வந்தார்கள். கிராணி நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். எங்கள் வண்டியின் பதிவில் இருந்த எஞ்சின் நம்பரும் இந்த எஞ்சின் நம்பரும் ஒத்துப் போகவில்லையாம். எஞ்சினை மாற்றிய பிறகு என் வீட்டுக்காரர் அதைப் போய்ப் பதியவே இல்லை. "வருஷமும் குழப்பமா இருக்கும்மா. வேற வண்டியாவும் இருக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழுந்திருப்பேன்.

சார்ஜன் எரிந்த வண்டியின் ஒவ்வொரு சாமானையும் எந்த வருஷத்து மாடல் என்று கேட்டு எழுதச் சொன்னார். பட்டறைக்காரன் என்பதால் கொழுந்தன் பதில் சொன்னான்.

"அடிச்சட்டம்?"

"முப்பத்தெட்டு."

"அந்தச் சீனரோட வண்டியும் முப்பத்தெட்டுதான்னு சொன்னாங்க" என்றார் கிராணி. நான் மூச்சு விட்டேன்.

"மட்கார்டு?"

"வலது முப்பத்தெட்டு. இடது நாப்பத்தாறு."

விளக்குகள் உருகிப் போயிருந்தன, அவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. சண்டைக்குப் பிறகு முழு வண்டி யாரிடம் இருந்தது? ரோட்டில் ஓடியதெல்லாம் ஒட்டுப்போட்டதுதான். ஒவ்வொரு வருஷத்தையும் அவன் சொல்லச் சொல்ல, இது எந்த வண்டியிலும் இருக்கும், இது எந்த வண்டியிலும் இருக்கும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தச் சீனர் வீட்டிலும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் என் வேண்டுதலை மாற்றியிருக்க மாட்டேன்.

கொழுந்தன் எதையும் குனிந்து பார்க்காமலே வருஷம் சொன்னான். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

நான் வண்டியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனேன். நான் ஏறும் பக்கம். தீ அங்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எங்கள் வண்டியின் இடது கதவுக்குக் கீல் பின்பக்கம். முன்பக்கம்தான் திறக்கும். தாழ்ப்பாள் கொஞ்சம் நழுவினால் போதும், காற்று அப்படியே அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் அதைக் கயிறு போட்டுக் கட்டி, கயிற்றின் நுனியை நான் பிடித்துக்கொண்டு உட்காருவேன். ஏழாம் மாசத்தில் ஒரு வளைவில் கயிறு அறுந்து கதவு பறந்தது. விழப் போன என்னை அவர் சேலையோடு பிடித்து இழுத்தார். வீடு வந்ததும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பிள்ள பெக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாலும் போவேன், இனிமே உங்க வண்டியில ஏற மாட்டேன்" என்றேன். அதன் பிறகு ஏறவும் இல்லை, அவருக்குச் சரியாக முகம் கொடுக்கவும் இல்லை. வண்டி நிற்கும் பட்டறைப் பக்கம் போகவும் இல்லை.

இந்த வண்டியின் கதவுக்குக் கீல் முன்பக்கம் இருந்தது. கயிறு இல்லை, கட்டிய தடமும் இல்லை.

"இது நம்ம வண்டி இல்ல" என்றேன். சிரித்தே விட்டேன் என்று நினைக்கிறேன். "கிராணி ஐயா, வந்து பாருங்க. எங்க கதவு இப்படித் திறக்காது. எங்களோடது பழங்கதவு, இது புதுசு. தம்பி, சொல்லேன். நீயும் பாத்துட்டு சும்மா நிக்கிறியே."

சார்ஜன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்.

"கதவு எந்த வருஷம்?" என்று கேட்டார் கிராணி.

"நாப்பத்தெட்டு." என் பக்கம் திரும்பாமல், கீலைப் பார்த்தபடியே சொன்னான். "போன வாரம்தான் மாட்டுனோம் அண்ணி. நாந்தான் கீலை முன்னால மாத்தி வெல்டிங் வச்சேன். ஆஸ்பத்திரிக்கு உங்கள அதுல கூட்டிட்டுப் போகணும்னு அண்ணன் எங்கெங்கயோ அலைஞ்சு தேடிட்டு வந்தாரு. அது வரைக்கும் சொல்லாதடான்னுட்டாரு."

வண்டியைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் சாமானைக் கேட்கும் முன்பே தெரிந்திருக்கிறது. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வருஷங்களைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான்.

நான் கைப்பிடியைப் பிடித்துத் திருகினேன். கதவு திறந்தது. மெதுவாகத் தள்ளினேன். ஒரே தள்ளில் மூடிக்கொண்டது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நல்ல கதவு. அவர் மேல் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வாரம் முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசியிருப்பேனே.

கிராணி பக்கத்தில் வந்து கேட்டார். "உங்க வண்டிதானாம்மா? உங்க வாயால சொன்னாத்தான் எழுத முடியும்."

"எங்க வண்டிதான்" என்றேன்.

நான் அதைச் சொன்ன பிறகுதான் கொழுந்தன் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.