நாற்பத்தொரு ஓட்டும் அறுபது சத்தியமும்

எங்கள் கொருக்குப்பேட்டைத் தெருவில் ஹில்டா அக்கா கை படாத மனு கிடையாது. ஐஸ் கம்பெனியில் பில் போடுகிற வேலை அவளுக்கு. சாயங்காலம் வந்து வாசலில் பெஞ்சைப் போட்டால் ரேஷன் கார்டு, விதவை பென்ஷன், பட்டியலில் விட்டுப்போன பேர் என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். பதினாறு வருஷம் ஓசியில் எழுதினாள். போன வருஷம் மட்டும் முப்பத்தெட்டு பேரை வாக்காளர் பட்டியலில் திரும்பச் சேர்த்துவிட்டாள். அந்தப் புண்ணியவான்கள்தான் "நீயே கவுன்சிலருக்கு நில்லுக்கா" என்று உசுப்பேற்றி நிற்க வைத்தார்கள்.

நான் ஹபீபுல்லா, அவளுடைய பூத் ஏஜென்ட். ஓட்டு எண்ணுகிற இடத்தில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டவன். வார்டில் தோற்றது பெரிசில்லை. எங்கள் தெரு முழுக்க ஒரே பூத், விழுந்தது அறுநூற்றுச் சொச்சம், அதில் அக்காவுடைய தையல் மெஷின் சின்னத்துக்கு நாற்பத்தொன்று. அதை எழுதிய துண்டுச் சீட்டை அக்காவிடம் காட்ட எனக்கே வெட்கமாக இருந்தது.

பார்த்தாள். "இனிமே எவனுக்கும் ஒரு வரி எழுத மாட்டேன், ஹபீபு" என்றாள். பேனாவையும் ஃபார்ம் கட்டையும் தூக்கிப் பரண்மேல் போட்டாள்.

மறுநாளே ஆரம்பித்தது கூத்து. சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி பால் பாக்கெட்டும் பன்னும் வாங்கிக்கொண்டு ஒவ்வொருத்தராகத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். "மெய்யாலுமே ஒனக்குதான் குத்துனேன்க்கா, எவன் கவுத்தான்னே தெர்ல." மாதா மேல் சத்தியம், அம்மன் மேல் சத்தியம், பெற்ற பிள்ளை தலைமேல் சத்தியம். சத்தியம் முடிந்த கையோடு மடித்த பேப்பர் ஒன்று வெளியே வரும். "அப்டியே இத்தயும் ஒரு பார்வ பாரேன்க்கா." அக்கா வாங்க மாட்டாள். "பேனா இல்ல, போ" என்பாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நான்காம் நாள் அறுபதாவது ஆளும் சத்தியம் பண்ணியதும் கத்தியே விட்டேன்.

"மெஷின்ல கீறது நாப்பத்தோரு ஓட்டு! அறுவது பேரு எந்த மெஷின்ல போய் குத்துனீங்க? சூடு சொரண கீதா?"

ஒருத்தரும் தலைகுனியவில்லை. இவனுக்கு இன்னா பேஜாரு என்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் நாள் எதிர்வீட்டுப் பச்சையம்மா வந்தாள். இட்லி சுட்டு விற்கிறவள். அக்கா எழுதிக் கொடுத்த அவளுடைய விதவை பென்ஷன் மனுவை இரண்டு தடவை தள்ளிவிட்டார்கள். மேல்மனு போட அந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி. ஆனாலும் கையில் பேப்பர் இல்லை, பால் பாக்கெட்டும் இல்லை. நின்றபடியே சொன்னாள்.

"ஒனக்கு போடலமா. புள்ளைக்கு குப்ப வண்டில வேல வாங்கிக் குட்த்த கட்சிக்காரங்க வூட்டாண்ட வந்து, கற்பூரம் கொளுத்தி சத்தியம் வாங்கிக்கினாங்க. பயந்துட்டேன். ஒன் சின்னத்தாண்ட வெரலக் கொண்டுபோயி, அப்பால எட்த்துக்கினேன்."

நான் வெடுக்கென்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

"நீ ஒர்த்தியாவது சொன்னியே" என்றாள். "ஹபீபு, பரண்லேர்ந்து அத்த எடு. பச்ச, போயி உன் பேப்பர எட்த்துக்கினு வா."

"வாணாம்மா" என்றாள் பச்சையம்மா. "எந்த மூஞ்ச வச்சினு நீட்டுவேன்?"

அக்கா கெஞ்சினாள். பச்சையம்மா திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அன்றைக்கே அக்கா ஞாபகத்திலிருந்தே மேல்மனுவை எழுதி முடித்தாள். பாக்கி ஒரு கையெழுத்துதான். வியாழன் வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் போய்ப் போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தட்டினாள். உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. ஐந்தே முக்காலுக்கே ஆபீஸ் மூடியாச்சு, போதும் வாக்கா என்று இழுத்தேன். ஆறு மணிக்கும் அக்கா தட்டிக்கொண்டுதான் இருந்தாள்.