ஈவ்லின் பிடித்த பந்து

என் பெண்டாட்டி ஈவ்லினுக்கு வலது கண் தெரியாது. பெங்களூர் தையல் கம்பெனிக்கு ரயிலில் போய் வந்துகொண்டிருந்த காலத்தில், மெஷின் ஊசி உடைந்து தெறித்ததில் போனது. அதற்குப் பிறகு அவள் டீ ஊற்றினால் பாதி டம்ளருக்கு, பாதி மேஜைக்கு. அதற்கெல்லாம் அவள் அலட்டிக்கொள்ளவில்லை. த்ரோபால் ஆட விடமாட்டார்களோ என்பதுதான் ஒரே கவலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்கள் ஸ்கெலட்டன் காலனி டீமில் கடைசி வரிசை அவளுடையது.

கேப்டன் ஸ்வப்னா வீட்டுக்கே வந்து சொன்னாள்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இருக்கிற கண்ணுலயும் பட்டுடுச்சுன்னா? இந்த வாட்டி வெளிய உக்காருங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெண்ணை அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன். ஈவ்லின் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

சாயங்காலங்களில் நானே அவளுக்குப் பந்து போட்டேன். நேராக வேகமாக வந்தால் தடுமாறினாள். உயரப் போட்டால் ஒன்றையும் விடவில்லை. பந்து என் கையை விட்டதுமே நகர்ந்துவிடுவாள்.

"இன்னாத்த பாத்து ஓடுறே?"

"மேல போறத பாத்தாலே எங்க வுழும்னு தெரியுதுங்க. கீழதானே வந்தாகணும்!"

பக்கத்து ஆண்டர்சன்பேட்டை டீமோடு ஃபைனல். நடுவில் எங்கள் ஆள் ஒருத்திக்குக் கால் பிசகியது. வேறு ஆள் இல்லை. ஸ்வப்னா அரைமனதோடு ஈவ்லினைக் கூப்பிட்டாள். நேராக வந்த இரண்டு பந்தை ஈவ்லின் தவறவிட்டாள். எதிர்ப்பக்கத்தில் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாயிண்ட் சமம். அடுத்ததை எடுப்பவர்களுக்குக் கோப்பை. சயனைடு போட்டுத் தங்கம் பிரித்தபின் சுரங்கத்து மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டுக்குக் கீழேதான் எங்கள் மைதானம். காற்றடித்தால் அந்த மண் மாவாகப் பறக்கும். காற்றின் சத்தம் கேட்டாலே எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். எதிர் டீமில் பந்து எறிய நின்ற ராதாவுக்கு இது தெரியாதா? மேட்டில் புழுதி கிளம்பும்வரை பந்தோடு நின்றாள். பிறகு ஈவ்லின் இருந்த மூலைக்கு வானத்தில் ஏற்றினாள்.

பந்து மேலே ஏறியதும் புழுதி வந்து சேர, எல்லோரும் கண்ணை மூடினார்கள். விரல் இடுக்கில் நான் பார்த்தேன். ஈவ்லினும் மூடித்தான் இருந்தாள்! மூடியபடியே இரண்டு எட்டு பின்னால் வைத்து, சற்றே வலப்பக்கம் சாய்ந்து, கைகளை ஏந்தினாள். பந்து அதிலேயே வந்து விழுந்தது. பிடித்த வேகத்தில் திருப்பி எறிந்தாள். ஆண்டர்சன்பேட்டைக்காரிகள் இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். பந்து அவர்கள் நடுவில் தரையைத் தொட்டது.

நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிப்போனது. என் பெண்டாட்டி என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ராத்திரி ஸ்வப்னா கோப்பையோடு வந்து மேஜைமேல் வைத்தாள். "அடுத்த வாட்டியும் கடைசி வரிசை உங்களுதுதான்க்கா."

ஈவ்லின் அவளுக்கு டீ ஊற்றினாள். வழக்கம்போல் பாதி மேஜைக்குப் போனது. ஸ்வப்னா துணி எடுக்க எழுந்தாள்.

"நீ உக்காரும்மா," என்றேன். "அது என் வேலை."