சுப்பையா அண்ணன் ஊற்றிக் கொடுத்த சாயத்தண்ணி

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பிழைகளும் இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு கையில் பிடித்ததெல்லாம் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்திதான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

பேய், முனி என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டு போகிறவன் நான். இலங்கையில், கேகாலை மாவட்டத்துப் புளத்கொகுபிட்டியப் பக்கம் எங்கள் றப்பர் தோட்டம். விடியுமுன்னே சுடுகாட்டைத் தாண்டித்தான் பால் வெட்டப் போக வேண்டும். இத்தனை வருசம் போனதில் காட்டுப்பன்றியைத் தவிர ஒன்றும் எதிரில் வந்ததில்லை. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

2004ல் எனக்குப் பெருங்குடலின் அடிப்பக்கத்தில் புற்றுநோய் என்றார்கள். மலத்தோடு இரத்தம் போனதை வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்து கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொழும்பில் வயிற்றை அறுத்துக் கெட்ட துண்டை எடுத்தார்கள். உள்தையல் ஆறும்வரை என்று சிறுகுடலை வலது பக்கத்தில் வெளியே எடுத்துவிட்டு, அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். மலம் தண்ணீராக அந்தப் பையில் விழும். ஒரு டாக்டரம்மா சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் பை வழியாகப் போய்விடுமாம், உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடுமாம், அது கெட்டால் புற்றுநோய்க்கு அடுத்து ஏற்றவேண்டிய மருந்தையும் ஏற்ற முடியாதாம்.

எல்லாம் விளங்கியது. ஆனால் நாங்கள் இருப்பது லயத்தில். சுவருக்குச் சுவர் வீடு, லயத்துக்கே ஒரு கக்கூஸ், அதுவும் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில். குடிக்கக் குடிக்கப் பை நிரம்பும். நிரம்பினால், பெண்கள் குடத்தோடு நிற்கிற பாதையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பை விஷயம் என் மனைவி செல்லம்மாவைத் தவிர தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தோம். அதனால் நான் குடிப்பதையே விட்டேன். அவள் வேலைக்குப் போகும்போது வைத்துவிட்டுப் போகும் கஞ்சித்தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிடுவேன். அந்த வாழை நன்றாகச் செழித்தது.

எனக்குக் கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் கறுத்துப் போனது. ஒரு நாள் காலையில் ஒரு துண்டு பாண் மட்டும் தின்றுவிட்டு, வெட்டாமல் கிடக்கும் என் மரங்களைப் பார்க்க வேண்டும் போலிருக்க, மெதுவாக மலைக்கு நடந்தேன்.

அந்த மலையில் ஒரு பெரிய பாறை உண்டு. முன்பெல்லாம் பால் வெட்டி முடித்து, பால் சிரட்டையில் வடியும்வரை அதன் நிழலில்தான் உட்காருவோம். தேத்தண்ணி வாளியைத் தூக்கி வருகிறவர் சுப்பையா அண்ணன். தூரத்தில் வரும்போதே வாளியைக் குச்சியால் தட்டுவார். வெயில் காலத்தில் உப்பும் நசுக்கின இஞ்சியும் போட்ட, பால் விடாத சாயத்தண்ணி. உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டே குடிப்போம். நான் பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். புதுப் பொண்ணுக்கு முதலில் ஊத்துங்கடா என்று என்னைக் காட்டிச் சொல்வார், எல்லாரும் சிரிப்பார்கள், எனக்கும் சிரிப்பு வரும். அப்படி இருந்த காலம் அது.

பாறைக்குப் போய்ச் சேர்ந்ததும் கண் இருட்டி விழுந்துவிட்டேன். உச்சி வெயில். வாளி தட்டும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் சுப்பையா அண்ணன், தலையில் அவர் எப்போதும் மடித்துப் போடுகிற சாக்குக் கொங்காணி.

"ஏன்டா ராசு, காஞ்ச மரமாட்டம் கெடக்குற. குடி."

"வேணாண்ணே."

"பை ரொம்புனா ரொம்பட்டும்டா. லயமே முங்கிறப் போவுதா?"

சிரட்டையில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். உப்பு, இஞ்சிக் காரம், சூடு. எத்தனை சிரட்டை குடித்தேனோ தெரியாது. போகும்போது திரும்பிப் பார்த்து, "வாளியில ஒனக்கு இன்னும் இருக்கு. அவசரமில்ல, மெதுவா வா" என்றார்.

செல்லம்மா உலுக்கித்தான் எழுந்தேன். நான் கிடப்பதைப் பார்த்து, தோட்டக் காவலுக்கு நிற்கிற வாட்சர்தான் அவளைக் கூட்டி வந்திருக்கிறார். கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தத்தைச் சோதித்துவிட்டு, சிறுநீரகம் இரண்டும் பழுதாகியிருக்கிறது என்று சேலைன் ஏற்றினார்கள். இன்றைக்கு ஏதோ குடித்திருக்கிறார், அதுவும் இல்லாவிட்டால் இரத்தம் கழுவுகிற மெஷினில்தான் போட்டிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். வார்டில் பையைக் கழுவப் போன செல்லம்மா திரும்பி வந்து மெல்லக் கேட்டாள்.

"என்னங்க, பையில இஞ்சிச் சக்கை கெடக்கு. யார் குடுத்தா?"

வீட்டில் இஞ்சி கிடையாது. நான் பேரைச் சொன்னதும் அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்கு முந்தின வருசமே சுப்பையா அண்ணன் காய்ச்சலில் செத்துப்போனார். அவர் பாடையைத் தூக்கினவர்களில் நானும் ஒருவன்.

புற்றுநோய் மருந்து ஏற்றுவதைத் தள்ளிவைத்து, பிறகு அளவைக் குறைத்து ஏற்றினார்கள். ஊருக்கு வந்ததும் நான் எல்லார் முன்னாலும் குடித்தேன், எல்லார் முன்னாலும் கக்கூஸுக்குப் போனேன். பீலியில் நின்றவர்கள், "அண்ணனுக்கு வழி விடுங்கடி, பஸ்ஸு போயிரும்" என்று சிரித்ததோடு சரி. பிறகு குடலை உள்ளே வைத்துத் தைத்தார்கள். புற்றுநோய் திரும்பவில்லை. சிறுநீரகம் மட்டும் பாதிதான் தேறியது.

அந்த வழியாகப் போன யாரோ ஒருவர் கொடுத்திருப்பார் என்று செல்லம்மா இப்போது சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் பை இருப்பதை அந்த யாரோ ஒருவருக்கு யார் சொன்னது? கிளினிக்கில் இரத்தம் எடுத்துவிட்டு, சிறுநீரக எண் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த வாளியும், மெதுவா வா என்று அவர் சொன்னதும்தான் ஞாபகம் வருகிறது. என் பங்கு இன்னும் அதில் சூடாக இருக்கும்.

2009 செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை.