வழி தவறி வந்தவர்களின் பக்கம்

சண்முகவடிவுக்கு முப்பத்தாறு வயது. கோவில்பட்டியில் அம்மா போனபின் ஊர்ப்பக்கம் போவதில்லை. தி.நகர் மகளிர் விடுதியில் ஒரு கட்டில், ஆழ்வார்பேட்டை அலுவலகத்தில் ஒரு நாற்காலி. 1999இல் இதுதான் அவள் வாழ்க்கை.

கம்பெனிக்கு இருந்தது ஒரே சர்வர், ஒரே இணைய எண். அதில் பதினான்கு வலைத்தளங்களை ஓட்டினாள். யார் எந்தப் பெயரைக் கேட்டு வருகிறார்களோ அந்தத் தளம் திறக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோப்பில் நாலைந்து வரி எழுதியிருந்தாள். கோப்பில் இல்லாத பெயரைக் கேட்டால், முதலில் எழுதிய தளமே திறக்கும். அது பாண்டி பஜார் பாத்திரக்கடையுடையது.

பதினான்கில் ஒன்றான மயிலாப்பூர் வீணை வகுப்பு நின்றுபோனது. முதலாளி ஸ்ரீநாத் சொன்னபடி கோப்பிலிருந்து அதன் வரிகளை எடுத்தாள். அடுத்த வாரம் பாத்திரக்கடை மாணிக்கவாசகம் போன் செய்தார்.

"ஏம்மா, வீணை கத்துத் தருவீங்களான்னு மெயில் வருது. நான் குக்கர்லா விக்கேன்?"

அன்றே ஒரு வெற்றுப் பக்கம் செய்து கோப்பில் முதலாவதாக வைத்தாள். 'நீங்கள் தேடியது இங்கே இல்லை. எதைத் தேடினீர்கள் என்று எழுதுங்கள்' என்று இரண்டு வரி. கீழே தன் மெயில் முகவரி.

பத்து நாள் கழித்து சிட்னியிலிருந்து மஹதி என்றொருத்தி எழுதினாள். அந்த வகுப்பை நடத்திய அபயாம்பாள் டீச்சரிடம் சிறுவயதில் வீணை படித்தவளாம். பழைய நம்பரில் யாரும் எடுக்கவில்லையாம்.

கோப்பில் வரிகளை எடுத்திருந்தாலும் வீணை வகுப்புத் தளத்தின் பக்கங்கள் சர்வரில் அப்படியே கிடந்தன. அதில் வீட்டு விலாசம் இருந்தது. சனிக்கிழமை சித்திரக்குளம் பக்கம் போய் விசாரித்தாள். கீழ்வீட்டு சுந்தரராமன் கதவைத் திறந்தார்.

"மாமி பெங்களூர்ல பொண்ணாத்துல இருக்கா. கை நடுங்க ஆரம்பிச்சுடுத்து, வாசிக்க முடியலை. நீங்க அவாகிட்ட கத்துண்டவாளா?"

"இல்லைங்க. அவங்க பேரைக் கம்ப்யூட்டர்ல வெச்சிருந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் பெங்களூர் நம்பர் கொடுத்தார்.

அந்த நம்பரோடு மஹதிக்கு நீளமாக எழுதினாள். பூட்டிய மாடி, குளத்தங்கரை வெயில், கை நடுக்கம், எல்லாம். பதில் ஒரு வரியில் வந்தது: 'மிக்க நன்றி, டீச்சரோடு ஒரு மணி நேரம் பேசினேன்.' என்ன பேசினீர்கள் என்று கேட்டு எழுதி, அனுப்பாமல் அழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அந்த நம்பரைத் தானே சுற்றினாள்.

"யாரு பேசறது?"

"சண்முகவடிவுங்க."

"எந்த வருஷம் கத்துண்டே?"

"நான் கத்துக்கலைங்க மாமி."

"அப்போ வேற யாரையோ கூப்பிடறே போலிருக்கும்மா" என்று மாமி பதமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அதன்பின் 'நீங்கள் தேடியது இங்கே இல்லை' என்ற அந்தப் பக்கத்தைப் பார்த்து நாலு பேர்தான் எழுதினார்கள். நாலு பேருக்கும் அன்றன்றே பதில் போட்டாள்.